கொழும்பு அம்மனுக்கு மதிப்புப் போட்ட கதை

எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் மதிப்புச் சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. கோரிப்பாளையத்தில் ஒரு நகைக்கடன் அலுவலகத்தில் மதிப்பீட்டாளர் வேலை. பதினெட்டு வருடமாக உரைகல்லும் கையுமாக உட்கார்ந்திருப்பவன். கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்த்தால் எனக்கு முகம் தெரியாது, பவுன்தான் தெரியும். (எங்கள் கல்யாணத்திலும் இதே கதைதான் என்று என் மனைவி ரேவதி சொல்வாள். பொய். முகத்தையும் பார்த்தேன்.)

அப்பாவுக்கு வருஷத் திதி முடிந்ததும், சோழவந்தான் வீட்டுச் சாமான்களை நானும் தங்கை செல்வியும் பிரித்துக்கொண்டோம். அவளை அதே ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அண்டா, கட்டில், கிரைண்டர் எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பா வாலிபத்தில் ஒரே ஒருமுறை கொழும்புக்குப் போனபோது வாங்கி வந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த பத்திக் படம். துணியில் மெழுகு பூசிச் சாயத்தில் முக்கி எடுப்பார்களே, அந்த வேலை. உச்சியில் கிரீடம், உருட்டி விழிக்கும் கண், கழுத்து நிறைய நகை. அம்மன் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை (என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்).

"அண்ணே, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அப்பா படத்தை மட்டும் குடுத்துரு."

மனுஷனாக இருந்தால் அந்த நிமிடமே கழற்றிக் கொடுத்திருப்பான். நானோ அதற்கு முந்தின வாரம்தான் பழைய பத்திக் துணி ஒன்று வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விலைபோனதாக செல்போனில் வீடியோ பார்த்திருந்தேன்.

"குடுக்கலாம்த்தா. ஆனா எம்புட்டுப் பெறும்னு தெரியாம எப்புடிப் பிரிக்கிறது? மொதல்ல மதிப்புப் பாப்போம். ஆளுக்குப் பாதி. நியாயம்னா நியாயமா இருக்கணும்ல?"

"உன் இஷ்டம்ணே" என்றாள். தினமும் காலையில் போன் செய்கிறவள், அதற்குப் பிறகு இரண்டு மாதம் கூப்பிடவே இல்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை. வாங்கப்போகும் கார் வெள்ளையா சிவப்பா என்ற யோசனையில் இருந்தேன்.

படம் என் வீட்டுக்கு வந்தது. ரேவதி அதைப் பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடிமேல் பொட்டு வைத்துச் சர்க்கரைப் பொங்கல் படைத்தாள். நான் ஓட்டல்களுக்குப் பழைய கலைப்பொருள் வாங்கிக்கொடுக்கும் பாய் ஒருவரைப் பிடித்தேன்.

"சட்டத்துல இருந்து கழட்டி வைங்க சார். துணியோட ரெண்டு பக்கமும் பாத்தாத்தான் சொல்ல முடியும். சனிக்கிழமை காலையில வாரேன்" என்றார். செல்வியையும் அன்றைக்கு வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியைக் கழற்றி, துணியை மட்டும் கிளிப் போட்டு அதே இடத்தில் தொங்கவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால், அம்மன் நெற்றியில் எட்டணா அகலத்துக்கு ஈர மஞ்சள், நடுவில் குங்குமம்.

"கண்ணாடி இல்லைன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சதுங்க. அதுக்காக வெள்ளிக்கிழமையும் அதுவுமா அம்மனை வெறும் நெத்தியா விடச் சொல்றீங்களா?"

துணியைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடி, சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் ரத்தச் சிவப்பாக மாறும் என்பது, வாழ்க்கையில் ஒரு சட்டையாவது துவைத்தவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கி, கன்னம் வரைக்கும் பரவியது.

வாசலில் நின்று பார்த்த ரேவதி, "விட்டுருங்க. அம்மனுக்கே கோவம் வந்துருச்சு" என்றாள்.

மறுநாள் செல்விதான் முதலில் வந்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். துணியைத் தொட்டுப் பார்த்தாள், கண் கலங்கியது. அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

பின்னாலேயே பாய் வந்தார். துணியைத் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், தொண்டையைச் செருமினார்.

"சார், இதை அம்மன்னு யாரு சொன்னது? இது ஆம்பளை. கண்டி ஆட்டக்காரரு. தலையில இருக்கிறது ஆட்டக் கிரீடம்."

ரேவதி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப ரெண்டு மாசமா நான் யாருக்குங்க பொங்கல் வச்சேன்?"

"எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள் செல்வி. "அப்பா சொல்லியிருக்காரு. தெருவுல அந்த ஆட்டத்தைப் பாத்துட்டு, அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக் காசுல வாங்குனாராம். அண்ணன் ஒரு நாளும் கேட்டதில்ல."

உண்மைதான். நாற்பது வருடம் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டும் நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

வெட்கம் ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். "மதிப்பு எம்புட்டு பாய்?" என்றேன்.

"அங்க கடைக்குக் கடை இதே படம் தொங்கும் சார். எண்ணூறு ரூபா தரலாம். ஆனா நெத்தியில இருந்து எறங்குது பாருங்க ஒரு செவப்பு, மாஷா அல்லா! அதை நான் வேற எதுலயும் பாத்ததில்ல. யாரு கைவேலைங்க அது?"

"மஞ்சள் நானு, சோப்பு இவரு" என்றாள் ரேவதி.

என் முகம் மலர்ந்தது. "அப்ப அதுக்கு எம்புட்டு சேத்துக்கலாம்?"

"சேத்துத்தான் சார் எண்ணூறு. இல்லாட்டி ஐநூறு."

செல்வி பர்ஸைத் திறந்து நானூறு ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாண்ணே, உன் பாதி." நான் திருப்பிக் கொடுக்க எவ்வளவோ பார்த்தேன், வாங்கவில்லை. வெயிலில் போட்டால் சிவப்பு போய்விடும் என்று ரேவதி யோசனை சொன்னதற்கு, "வேணாம் அண்ணி. எங்கண்ணன் தொவைச்ச ஒரே துணி, இருக்கட்டும்" என்று சொல்லிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். பஸ் ஏறும்போது அவள் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. திங்கட்கிழமை காலையில் போன் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருளையும் நான் சும்மா எடுத்துவிட முடியாது. போன பொங்கலுக்குச் செல்வி வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். தட்டில் கடைசியாக ஒரு வடை மிச்சம். கை நீட்டினேன்.

"பொறுண்ணே" என்று தட்டை இழுத்துக்கொண்டாள். "பாய்க்குப் போனைப் போட்டு மொதல்ல மதிப்புக் கேப்போம்."

வீடே சிரித்து முடித்த பிறகு வடையை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என் இலையில் வைத்தாள்.