கறுப்புப் பையில் வந்த குழந்தை

விக்டோரியா மகாராணியாரின் நல்லாட்சியில், எங்கள் ஹார்டன்கிளஃப் ஆலை நகரில் மட்டும் குழந்தைகள் எவருடைய அனுமதியும் இன்றிப் பிறந்துகொண்டிருந்தன. இதைக் கண்டு மனம் பதைத்த ஐந்து கனவான்கள், மருத்துவச்சிகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் குழுவை நிறுவினோம். தலைவர் டாக்டர் ஓல்ராய்ட்; செயலாளன் நான்.

முதலில் வந்தவள் கெசையா சக்டன். பாதி ஊரைக் கையில் ஏந்தியவள், என்னையும் சேர்த்து. புருஷன் இல்லை. தொழில் போனால் ஏழைவிடுதிதான் கதி.

"குழந்தை எங்கேயிருந்து வருது?" என்றார் டாக்டர்.

"வயித்துலேருந்துங்க."

குழுவில் இருந்த பாதிரியார் தேநீர்க் கோப்பையை நழுவவிட்டார். 'மேற்படி சொல் கண்ணியமான இல்லங்களில் வழங்கத்தக்கதன்று' என்று நான் பதிவு செய்தேன்.

"வேற பதில் இல்லையா?"

"வேற வழி இருக்குதுங்களா?"

தோல்வி.

மறுமாதம் மீண்டும் வந்தாள். அதே கேள்வி.

"டாக்டர் ஐயா கறுப்புப் பையில வச்சுக் கொண்டாந்து குடுக்கிறாருங்க."

கனவான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லப்படும் பதில் அது. நாங்கள் நெகிழ்ந்துபோனோம்.

"இதுக்கு மேல உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க."

முதல் வகுப்பில் தேறினாள்.

டிசம்பரில் டாக்டரின் மனைவிக்கே வலி கண்டது. டாக்டர் லண்டனில் படித்த மேதை. பிரசவத்தைப் புத்தகப் படத்தில் பார்த்திருக்கிறார். கெசையாவுக்கு வண்டி போனது. சான்றைச் சரிபார்க்க நானும் போனேன். அவள் மாடிக்குப் போய்ப் பார்த்தாள். நேரம் இருந்தது போலும், இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, உக்காந்துட்டே?"

"பையத் திறங்க ஐயா, வாங்கிக்கிறேன்."

"விளையாடுறியா? அவ துடிக்கிறா!"

"சான்றுல கையெழுத்து உங்களுதுதானே?"

மாடியில் அலறல் கேட்டது. டாக்டரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"வயித்துலம்மா! வயித்துல இருக்கு!"

தெருவுக்கே கேட்டது.

"அப்படிங்களா?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு கெசையா படியேறினாள். ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

மறுநாள் குழு அவசரமாகக் கூடியது. எதுவும் தெரியாதென்று சத்தியம் செய்தவள், எல்லாம் தெரிந்தே பிரசவம் பார்த்து மோசடி செய்தபடியால் சான்று ரத்து. ஐவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டோம்.

ஆணையைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவிக்கு எட்டாவது மாதம்.

"கெசையாம்மா, எங்க வீட்டுப் பின்வாசலுக்குத் தாழ் போட மாட்டோம்," என்றேன் தணிந்த குரலில்.

"போடாதீங்க ஐயா," என்றாள் அவள். "குழுவுல டாக்டர் ஐயா போக மத்த மூணு பேரும் காலையிலேயே வந்து இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க."