பிளான்காரரும் ஆறு ஓட்டை யு.பி.எஸ்.ஸும்

நாளை மூன்று மணிக்கு அந்தப் பேச்சை அறுத்தே தீருவது என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி பிளான்காரர் முடிவு கட்டினார். மேஜையை ஓங்கித் தட்டக்கூடச் செய்தார். சத்தம் வராமல்தான். மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவர் தொழில். அந்தத் தெருவில் பாதி வீடு அவர் போட்ட பிளான். சொந்த வீட்டுக்குள் அவர் போட்ட பிளான் மட்டும் ஒன்றுகூட அஸ்திவாரத்தைத் தாண்டியதில்லை.

விஷயம் இதுதான். தெருவில் புதுக் கம்பி இழுக்கிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க மத்தியானம் மூன்றிலிருந்து நாலு வரை கரண்ட் கிடையாது. மனைவி காலையில் நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு இரண்டரைக்கு வருவாள். வந்ததும் அக்காவோடு வீடியோவில் பேச்சு. திங்கட்கிழமை கரண்டோடு பேச்சும் போனது. வீட்டுக்குள் போனில் சிக்னலும் கிடைக்காது. ஒரு மணி நேரம் என்ன அமைதி!

அதோடு விட்டிருக்கலாம். மருந்துக்கடைக்காரரின் மாடிக்கு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் படம் கொடுக்க வேண்டும் என்று பிளான்காரர் செவ்வாய்க்கிழமை, கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் பாட்டரியில் ஓட ஒரு யு.பி.எஸ். வாங்கி வந்தார்.

"அதுல ஒரு ஓட்டை நம்ம இன்டர்நெட் மோடத்துக்குக் குடுங்களேன்" என்றாள் மனைவி.

ஆறு இருக்கிறதே, ஒன்று போனால் என்ன என்று கொடுத்துவிட்டார். அன்று பேச்சு நாலு மணி வரை ஓடியது. பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான். அவர் குறட்டையை மனைவி நடித்துக் காட்டினாள். அக்கா இன்னொரு தடவை கேட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் பிளான்காரர் மேஜைக்கு அடியில் நுழைந்தார். யு.பி.எஸ்.ஸின் முதுகில் இரண்டு வரிசை. ஒரு வரிசைக்கு மட்டும்தான் பாட்டரி. இன்னொரு வரிசை கரண்ட் இருக்கும்போது ஓடும். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். மோடத்தின் ஒயரை வரிசை மாற்றி மாட்டினால் தீர்ந்தது வேலை.

ஆனால் எல்லா ஒயரும் கறுப்பு. எல்லாம் ஒன்றோடொன்று பின்னல் போட்டிருந்தன. எது யாருடைய வால் என்று தெரியவில்லை.

"அடியில என்ன பண்றீங்க?"

"அட்ஜஸ்ட் பண்றேன்."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து நான்தானே பண்ணிட்டிருக்கேன்?"

"யு.பி.எஸ்.ஸச் சொல்றேன்! லோடு அதிகமா இருக்கு."

"யாருக்கு?"

பிளான்காரர் கைக்கு வந்த ஒயரைப் பிடுங்கி வரிசை மாற்றினார்.

மூன்று மணிக்கு கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சென்றது. பக்கத்து அறையில் அக்கா கலகலவென்று சிரித்தாள். இவர் திரை மட்டும் இருட்டாகிவிட்டது. பிடுங்கியது மானிட்டர் ஒயர்.

வியாழக்கிழமை ஏமாறவில்லை. முதலில் மானிட்டரைப் பழையபடி பாட்டரி வரிசையில் மாட்டினார். மோடத்திலிருந்தே விரலால் தடவிக்கொண்டு வந்து, சரியான ஒயரைப் பிடித்து வரிசை மாற்றினார். வெற்றிக் களிப்பில் குளிக்கவும் போனார். அவர் தலை துவட்டும்போது மனைவி மேஜைக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி. கீச். மோடத்தில் விளக்கு ஜம்மென்று எரிந்தது. "சொல்லுக்கா" என்றாள் மனைவி. பிளான்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, கம்ப்யூட்டராவது ஓடுகிறதே என்று மாடிப்படியை வரைய உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் தானாகவே படத்தைச் சேமித்துவிட்டுத் தூங்கிப்போனது. எழுப்பினார். மறுபடி தூங்கியது. யு.பி.எஸ்.ஸில் இருந்த ஒரே பொத்தானை அழுத்தினார். கீச் சத்தம் நின்றது. பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்டது. நாலு மணி வரை சும்மா உட்கார்ந்து தன் கதையைத் தானே கேட்டார்.

வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டர் ஏன் தூங்குகிறது என்று பார்க்க மெக்கானிக் வந்தார். மாடிப்படி இன்னும் பாதியில் நின்றது. மூன்று மணிக்கு கரண்ட் போனது. ஐந்து நிமிடம் கழித்துக் கம்ப்யூட்டர் தூங்கியது. மெக்கானிக் அதை எழுப்பி எதையெதையோ திறந்து பார்த்தார்.

"சார், இதுல ரிப்பேரே இல்ல. யு.பி.எஸ்.லேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஒரு மெல்லிசு ஒயர் போகுதே, அத யார் மாட்டினா?"

"அதா? தேவையில்லைனு மேஜை டிராயர்ல போட்டிருந்தேனே!"

"கரண்ட் போனா அந்த ஒயர் வழியாத் தெரிஞ்சு அஞ்சே நிமிஷத்துல கம்ப்யூட்டர் தூங்கணும், மிச்ச பாட்டரி முழுக்க மோடத்துக்குனு செட்டிங் போட்டிருக்கு. சுத்தமான வேலை சார்."

இருவரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். மனைவி போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். போனில் அக்கா.

"எங்க நூலகத்துல எட்டு யு.பி.எஸ். இருக்கு. எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்" என்றாள். "வியாழக்கிழமை பெருக்கும்போது மோடம் ஒயர் பாவம், நழுவி பாட்டரி இல்லாத வரிசைக்குப் போயிருந்துச்சு. எடுத்து மாட்டினேன். அது மறுபடி நழுவக் கூடாதேன்னு செட்டிங்கையும் போட்டேன்."

பிளான்காரர் தொண்டையைச் செருமினார். "மருந்துக்கடைக்காரருக்கு அஞ்சு மணிக்குப் படம் குடுக்கணும்மா."

"குடுங்க. யார் வேணாம்னா? செட்டிங்க மாத்திக்குங்க. பாஸ்வேர்ட் ஒண்ணு கேக்கும். நம்ம கல்யாணத் தேதிதான்."

"அவ்ளோதானே!" பிளான்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விரலை விசைப்பலகை மேல் வைத்தார். விரல் அங்கேயே நின்றது. பதினாலா, பதினாறா? ஒரு தேதியை அடித்தார். தவறு என்றது. இன்னொன்றை அடித்தார். அதுவும் தவறு. இனி ஒரே ஒரு வாய்ப்புதான் என்று திரையில் எழுத்து வந்தது.

போனுக்குள் அக்கா இன்னும் கிட்ட வந்து பார்த்தாள். மனைவி போனை இவர் பக்கம் நன்றாகத் திருப்பிப் பிடித்தாள்.

மெக்கானிக்கும் குடும்பஸ்தர். பிளான்காரரின் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"சார், வருஷமாவது தெரியுமா?"