ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தூக்க வர வேண்டாம், மாப்பிள்ளை

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மாமியார் எழுதிக்கொண்டது. இங்கே நான், என் முழங்கால், என் சைக்கிள் மூவரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேரப்பிள்ளைகளும் நலம்தானே? உங்கள் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நிற்காவிட்டால் காரணம் குளிர்ந்த தண்ணீர்தான். போன வருஷமே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து என் சைக்கிளை எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். வர வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் ஓட்டியவள் இந்த வயதில் மறுபடி பெடலை மிதித்ததும், பாலத்தடியில் பஞ்சராகி நின்றதும், நீங்கள் ஆபீசில் சொல்லிவிட்டுக் காரில் வந்து என்னையும் டிக்கியில் சைக்கிளையும் ஏற்றி வீட்டில் விட்டதும் உண்மைதான். அன்று நீங்கள் பச்சைக் கோடு போட்ட சட்டை, கைப் பட்டன் ஒன்று இல்லை. "பஞ்சர் ஒட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்கு அத்தை சைக்கிளு? நீங்களே கழட்டி, ஒட்டி, மாட்டி ஓட்டுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லேன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள் கல்யாண போட்டோவில் உங்கள் தோளுக்குப் பின்னால் என் முகம் பாதிதான் தெரிகிறது. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டேன்.

சைக்கிள் போய்விட்டால் பழையபடி செருப்பை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கு எப்போது நேரம் ஒழிகிறதோ என்று வாசலில் உட்கார வேண்டும். மாத்திரை வாங்க ஒருத்தர் தயவு, மூக்குக்கண்ணாடிக்குத் திருகு போட இன்னொருத்தர் தயவு. இனி அது என்னால் ஆகாது என்று, நேரே சைக்கிள் கடைக்குப் போய் ஸ்பேனரும் பஞ்சர் ஒட்டும் டப்பாவும் கேட்டேன். "யாருக்கும்மா, பேரனுக்கா?" என்றார் கடைக்காரர். "ஏன், எனக்கு ரெண்டு கை இருக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

சைக்கிளைச் சமையலறையில் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தைக் கழற்றினேன். டயரை நெம்புகிற கட்டை வாங்க மறந்திருந்தேன், அதனால் உங்கள் அம்மா பரிசளித்த ஸ்பூன் இரண்டை எடுத்தேன். முதல் நெம்பிலேயே இரண்டும் வளைந்து கும்பிடு போட்டுவிட்டன. சம்பந்தியம்மாளிடம் சொல்ல வேண்டாம். சொல்லித்தான் தீர வேண்டுமென்றால், நல்ல ஸ்பூன் வளையாது என்பதையும் சேர்த்துச் சொல்லவும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் பசை தடவி, உடனே ரப்பர் துண்டை வைத்து அழுத்தினேன். அது வழுக்கிக்கொண்டு போய் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு மாடிவீட்டு நர்ஸ் வந்தாள்.

"பாட்டி, பசை காய்ஞ்ச அப்புறம்தான் துண்டை வைக்கணும்."

"காய்ஞ்சா எப்படிடி ஒட்டும்? சொல்றதுல ஒரு நியாயம் வேணாமா?"

"டப்பாவுல போட்டிருக்கு பாட்டி."

"டப்பாவா ஒட்டப்போகுது? நான்தானே ஒட்டப்போறேன்!"

ஆனால் டப்பா சொன்னதுதான் சரி. சும்மா கையைக் கட்டிக்கொண்டு பசை காய்வதைப் பார்த்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் மகளைக் கேளுங்கள். ஒட்டி, காற்றடித்து, மாட்டினேன். மறுநாள் காலையில் டயர் மறுபடி தரையோடு தரையாகக் கிடந்தது. நர்ஸ் மேலே காயப்போட்ட துணி என் ஊறுகாய் ஜாடி மேல் சொட்டியதற்காக நான் ஒரு தடவை சத்தம் போட்டிருந்தேன், எனவே சந்தேகம் எங்கே போகும்? "நீதானே காத்தைப் புடுங்கிவிட்டே?" என்றேன். "எனக்கு ஆஸ்பத்திரியிலேயே ஆயிரம் வேலை. வேற திருடனைப் பாருங்க பாட்டி" என்று போய்விட்டாள். கோபத்தில் டயரைப் பிய்த்து உள்பக்கம் விரலை ஓட்டினேன். சுருக்கென்றது. நகத்துண்டு அளவு கம்பி. நான் மேலே ஓட்டையை மூட மூட, குத்தினவன் உள்ளேயே குடியிருந்திருக்கிறான்! பிடுங்கி எறிந்து மறுபடி ஒட்டினேன். நர்ஸிடம் சமாதானமும் சொல்லிவிட்டேன். துணி சொட்டிய விஷயம் தனி.

நேற்று மருந்துக்கடைக்கு நானே போய் நானே வந்தேன். யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. திரும்பும்போது ஒரு காரணமும் இல்லாமல் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றினேன். மாப்பிள்ளை, காற்று காதில் பேசுவது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஆகவே வேனும் வேண்டாம், நீங்களும் சிரமப்பட வேண்டாம். உதவி தேவைப்படும் நிலையில் நான் இல்லை. உங்கள் குடும்பம் காற்று இறங்காமல், கம்பி குத்தாமல் நெடுநாள் ஓட என் மனமார்ந்த ஆசிகள். பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பி.கு.: இதைத் தபாலில் போட இன்று சைக்கிளிலேயே போனேன். இறக்கத்தில் இடது கையில் கடிதம், வலது கையில் பிரேக். அது முன்சக்கரத்துப் பிரேக். சக்கரம் கழற்றும்போது அதன் கம்பியை விடுவித்தவளும் நான்தான், திரும்ப மாட்ட மறந்தவளும் நான்தான். நேற்று இடது கைப் பிரேக்கே போதுமாயிருந்ததால் தெரியவில்லை. கடிதத்துக்கு முன்னால் நானே தபால்பெட்டியில் போய்ச் சேர்ந்தேன். கடிதத்தைப் போடாமல் வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்து இதைச் சேர்க்கிறேன். எனக்கு ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பிரேக்கை மாட்டிவிட்டேன். சக்கரம் மட்டும் கோணிக்கொண்டு தள்ளாடுகிறது. பெண்டு எடுக்க வேண்டும். அதற்கு டப்பாவில் ஒன்றும் போடவில்லை, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும், வேன் இல்லாமல். ஒருத்தர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், ஒருத்தர் போக்ஸ் கம்பியை முறுக்க வேண்டும். சுற்றுவது நீங்கள்.