இரண்டு பெட்டி, மூன்று முடிச்சு

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லித்தான் பாதி வாழ்க்கை சாப்பிட்டிருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது (நான் விட்டதாகத்தான் வெளியில் சொல்வேன்). பிறகு குவாரி, செங்கல் சூளை, திருப்பூரில் துணிமூட்டை. பெரம்பலூரில் எல்.இ.டி. திரையை வாடகைக்கு விடும் கடையில், "ஒயர் வேலை தெரியுமா?" என்றார் முதலாளி.

"அத்துப்படிங்க."

முதல் தனி வேலை, கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா பந்தலுக்கு வாழைமரம் கட்டப்போய் விழுந்து, காலில் மாவுக்கட்டு. கோயிலுக்குள் வர முடியாது. வெளியே வேனில் காலை நீட்டியபடி, மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் பார்ப்பதற்காகத்தான் அந்தத் திரை.

கேமராவுக்கும் திரைக்கும் நல்ல தூரம். நீளக் கேபிளில் படம் வழியிலேயே களைத்துப்போகும். அதைத் தெம்பேற்றி அனுப்ப நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். உள்ளே சிப் இருக்கும். ஒன்று போதாதென்று நான் இரண்டு வைத்தேன். வேறு வேறு கம்பெனி. கடையில் இரண்டையும் சோதித்துத்தான் எடுத்துவந்தேன் (தனித்தனியாக).

முகூர்த்த நேரத்தில் படம் ஒரு நொடி வந்தது, போனது. மறுபடி வந்தது, போயே போனது.

"என்னா தம்பி, கரண்ட் இல்லியா?" என்றார் வேனிலிருந்தவர்.

"வந்துரும்ங்கய்யா."

கேபிளை உருவிச் செருகினேன். பெட்டியைத் தட்டினேன், ஊதினேன். உள்ளே தாலித்தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வருவதாக யாரோ சொன்னார்கள்.

"மாப்ள தாலியக் கையில எடுத்துட்டாருங்க!" என்று கத்தினேன்.

"நீ எங்கடா பாத்த?"

அப்போதுதான் கூட்டத்திலிருந்து செல்வராணி வந்தார். தா.பழூரில் கேபிள் டி.வி. நடத்துபவர், பெண்ணின் தோழி. பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தி, இரண்டு பெட்டிகளின் விளக்கையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏண்ணே, ரெண்டும் வேற வேற கம்பெனியா?"

"ரெண்டுமே நல்ல கம்பெனிங்க."

"நல்லதுதான். ஆனா எந்த வேகத்துல அனுப்புறதுன்னு ரெண்டு சிப்பும் மொதல்ல பேசி முடிக்கணும்ல? இதுங்க பேச ஆரம்பிக்குதுங்க, முடிக்க மாட்டேங்குதுங்க. கேமராவுல தரத்தக் கொறைச்சா வேகம் கொறையும், ஒத்துக்கும். நகருங்க!"

சொன்னவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே ஓடினார். நான் அத்தனை தடவை ஊதியும் பிடிபடாததை விளக்கு மினுக்குவதைப் பார்த்தே படித்த மனுஷியை, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கொட்டி அடங்கும் முன் திரையில் படம் பளிச்சென்று வந்து நின்றது.

மாப்பிள்ளை இரண்டு முடிச்சையும் போட்டு முடித்திருந்தார். மூன்றாவதை, வழக்கப்படி, அவருடைய அக்கா போட்டுக்கொண்டிருந்தார். வேனிலிருந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்தபடி கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த மாதமே செல்வராணியிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் ("என்னென்ன தெரியும்?" "ஒண்ணும் தெரியாதுங்க." "அப்ப வாங்க"). நான் ஒரே இடத்தில் நின்றது அதன் பிறகுதான்.

அந்த வருஷத் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கென்று எடுத்த மோதிரத்தை, மாமனார் மாப்பிள்ளையின் அக்காவிடம் நீட்டினாராம்.

"கோச்சுக்காதீங்க மாப்ள. எம்பொண்ணுக்குத் தாலி கட்டுனது இவங்கதான். நான் என் கண்ணால பாத்தேன்."