செலீன் வீட்டு மெஷின்கன்

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு சாமானும் இல்லை என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கண்டுபிடித்தேன். கோயிலால் வந்து, சேர்ட்டைக் கழற்றித் தொங்கவிட இடம் தேடினேன். அலுமாரி முழுக்க என் மனைவி செலீனின் சீலைகள். கராஜில் செலீனின் பெரிய சமையல் கிடாரங்கள். பேஸ்மென்ற்றில் செலீனின் கறிவேப்பிலைச் சாடிகள், குளிருக்குப் பயந்து இறங்கி வந்தவை. கார் மட்டும் என் பெயரில் இருந்தது. ஆனால் அதன் சீற் அவளுடைய உயரத்துக்கு இருந்தது.

அன்றே தீர்மானித்தேன். சாகமுதல் எனக்கென்று ஒரு சாமான் வாங்குவது. அது பெரிதாக இருக்கவேண்டும். அதைச் சமையலுக்கு எடுக்க முடியாமலும் இருக்கவேண்டும்.

நான் மரியரட்ணம். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் வீடு. வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையை மூடிய பிறகு, ரொறொன்ரோவின் மேற்குப் பக்கத்தில் ஒரு கொண்டோவுக்குச் செக்கியூரிற்றியாகப் போகிறேன். நீல உடுப்பு, தோளில் பட்டி, கையில் ஒரு டோர்ச். பார்சல் கொண்டுவருகிற பொடியன்களே எனக்குப் பயப்படுவதில்லை.

அந்தக் கொண்டோவின் வாசலில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. தலையில் துணி கட்டிய பெண்கள் வரிசையாக நின்று துவக்குக்குப் பாகங்கள் பூட்டுகிறார்கள். பல நாள் பார்த்துவிட்டு, ஒருநாள்தான் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டாம் உலகப்போர் நேரம் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை இருந்ததாம். அங்கே செய்தது பிரென் என்ற லைற் மெஷின்கன். எல்.எம்.ஜி என்றால் சண்டை நடந்த எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் விளங்கும்.

எனக்குத் தலை சுற்றியது. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்தவன் நான். வந்து காவல் நிற்பது துவக்குச் செய்த இடத்தில்.

யோசித்துப் பார்த்தேன். என் ஆயுளில் எத்தனையோ துவக்குகள் என்னைப் பார்த்திருக்கின்றன. நான் ஒன்றையும் வடிவாகப் பார்த்ததில்லை. அந்த நேரங்களில் முகம் மண்ணில் கிடந்தது. ஒன்றை வாங்கி வைத்து, கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணீர் குடித்தபடி ஆறுதலாகப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. இதை ஆரிடம் சொன்னாலும் விசர் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் ஆசை போகவில்லை.

தேடிப் பிடித்தேன். ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனார், பழைய போர்ச் சாமான் சேர்க்கிறவர், வீட்டை விற்றுவிட்டு மகளோடு போகிறார். அவரிடம் ஒரு பிரென் இருந்தது. சட்டப்படி சுடமுடியாதபடி ஆக்கின துவக்கு. உள்ளே எல்லாம் பற்றவைத்து, குழலையும் அடைத்திருந்தார்கள். கிழவனார் அதற்கான கடதாசிகளைக் காட்டி, இனி இது வாயே திறக்காது என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் அதுவரை நான் ஒருவன்தான் அப்படி இருந்தேன்.

செலீனிடம் சொல்வதுதான் மிச்சம். குசினியில் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி கையில் இருக்கிற நேரம் கதைத்திருக்கக்கூடாது.

"செலீன், சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு அன்ரிக் வருது."

"எந்த அன்ரி?"

"அன்ரி இல்லை. அன்ரிக். பழசு."

"அன்ரிமார் எல்லாரும் பழசுதானே. மீன், மச்சம் சாப்பிடுவாவோ?"

"அவா சாப்பிடமாட்டா. உது ஒரு சாமான், செலீன். லைற்."

"ஹோலுக்கு லைற் வேணும் எண்டு நான் எத்தினை நாளாச் சொல்லுறன். எரியுமோ?"

எரியாது என்றேன். பிறகு வேறு வழியில்லாமல் முழுவதையும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றேன். ஏசுவாள், அழுவாள், பாதருக்கு ரெலிபோன் எடுப்பாள் என்று நினைத்தேன். மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

செலீன் மீன் தலையைத் திருப்பிப் போட்டாள். "எல்.எம்.ஜி பாரமெல்லோ. இடுப்புப் பிடிக்கும். அருள்நாயகத்தையும் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள்.

அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வந்தது சந்தேகம்.

அருள்நாயகம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். எதையும் தூக்கிக் காவுவான், எதையும் கதைப்பான். இருவரும் போய் அதைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தோம். லைற் என்று பெயர் வைத்தவன் அதைத் தூக்கியிருக்கமாட்டான். அரிசி மூட்டை மாதிரிக் கனத்தது. போர்வைக்கு வெளியே அதன் இரண்டு இரும்புக் கால்களும் நீட்டிக்கொண்டு நின்றன. முன்வீட்டுச் சீன அம்மா யன்னலால் பார்த்துவிட்டு எங்களுக்காகத் தலை குனிந்து கும்பிட்டார். ஆரோ செத்துப்போன ஆளைக் கொண்டுபோகிறோம் என்று நினைத்திருப்பார்.

நான் நேரே பேஸ்மென்ற்றுக்கு இறங்கப் போனேன். அங்கே கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு மூலை துப்புரவாக்கி, ஒரு கதிரையும் போட்டு வைத்திருந்தேன். செலீன் படியில் குறுக்கே நின்றாள். கீழே ஈரம், துருப்பிடிக்கும் என்றாள். இவ்வளவு பெறுமதியான சாமானை ஒளித்து வைக்கலாமா, நாலு பேர் பார்க்கவேண்டாமா என்று கேட்டாள். அக்கா சொல்லுறது சரி என்றான் அருள்நாயகம். துவக்கு ஹோலுக்குப் போனது.

அடுத்த நாள் பார்த்தேன். துவக்குக்குக் கீழே செலீன் கையால் பின்னிய லேஸ் விரிப்பு. மேலே வளைந்து நிற்கிற, குண்டு போடுகிற ரவைப்பெட்டியில் ஒரு பிளாஸ்ரிக் ரோசா. துவக்கின் வாய் எங்கே பார்க்கிறது என்று கவனித்தேன். வாசலைப் பார்த்து வைத்தால் வருகிற சனம் பயப்படும், யேசுவின் படத்தைப் பார்த்து வைக்கமுடியாது, ரீவீயைப் பார்த்து வைத்தால் அவலட்சணம் என்று செலீன் விளங்கப்படுத்தினாள். மிச்சமிருந்த பக்கம் என்னுடைய கதிரை.

அது செத்த துவக்கு. மூளைக்குத் தெரியும். முழங்காலுக்குத் தெரியாது. ரீவீ பார்க்க இருந்தால் கால் தானாக மடிந்து இடது பக்கம் போகும். தேத்தண்ணீர் சிந்தும். செய்தி வாசிக்கிற பெண் பலத்துக் கதைத்தால் குனிந்துவிடுவேன். கொஞ்சம் திருப்பி வைக்கலாமா என்று கேட்க வாய் எடுத்தேன். ஆனால் அது ஒன்றும் செய்யாது, சும்மா இரும்பு என்று வீடு முழுக்கச் சொன்னவன் நான்தான். கடைசியில் சாப்பாட்டு மேசையில் இருந்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு ரீவீ பார்க்கத் தொடங்கினேன்.

செலீனோ துவக்கோடு ஒட்டிவிட்டாள். லைப்ரரியில் புத்தகம் எடுத்துவந்து வாசித்தாள். செபக்கூட்டத்துப் பெண்கள் வந்தால் செபமாலை முடிந்த கையோடு துவக்குக் கதை. அந்தக் கொண்டோ வாசல் படத்துப் பெண்கள் எப்படி வேலை செய்தார்கள், எந்தப் பகுதியை ஆர் பூட்டினார்கள், எல்லாம் சொல்வாள். ஸ்காபரோவில் அவளும் பல வருஷம் கார்ச் சாமான் பூட்டுகிற வேலை செய்தவள்தானே, அவள் சொன்னால் கேட்கிறவர்கள் வாய் திறந்தபடி இருப்பார்கள். கதையின் முடிவில் நான் அதைத் தூக்கி இடுப்புப் பிடித்ததையும் சொல்வாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் பொரித்த ரோல்ஸ் தட்டை நீட்டுவேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துவக்கு வாங்கினது நான். ஊர்ச் சனம் "செலீன் அன்ரியின்ர துவக்கு" என்கிறது. அவள் அதை விரும்புகிறாளா, என்னைப் பழிவாங்குகிறாளா என்றும் தெரியவில்லை. அருள்நாயகத்திடம் கேட்டேன். இரண்டும் ஒன்றுதானே அண்ணை என்றான்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை அனோஜா என்று ஒரு பிள்ளை வந்தாள். இங்கேயே பிறந்தவள். கோயில் பாடகர் குழுவில் செலீனோடு பாடுகிற பெண்ணின் மகள். அந்தப் பழைய தொழிற்சாலைப் பக்கத்தில் ஒரு சின்ன மியூசியம் திறக்கப்போகிறார்கள், அதில் அவளுக்கு வேலை. துவக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அங்கிள், திஸ் இஸ் சோ கூல். இது இஞ்ச செய்தது, இஞ்சையே இருக்கவேணும். மியூசியத்துக்குத் தருவீங்களா?"

நான் வாய் திறக்கமுதல் செலீன் பதில் சொன்னாள்.

"நோ. அது ஏலாது. உது எங்கட வீட்டுச் சாமான். நான் குடுக்கமாட்டன்."

எனக்கு எங்கிருந்தோ ரோசம் வந்தது. நான் குடுக்கமாட்டன் என்றால்? இவள் ஆர் குடுக்க, குடுக்காமல் விட? கோபத்தில் எழும்பி நின்றேன்.

"செலீன், உது ஆரின்ர சாமான்? நான்தானே வாங்கினனான். குடுக்கிறதும் குடுக்காததும் நான்தான் சொல்லவேணும்."

"அப்ப குடுக்கேலாது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"குடுக்கிறன்," என்றேன். "நான் குடுக்கிறன். நீர் என்ன செய்வீர்?"

செலீன் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ரோசாவைக் கழற்றினாள். விரிப்பை மடித்தாள். அந்த வீட்டில் நான் ஒரு வழக்கு வென்றது அன்றைக்குத்தான். அருள்நாயகமும் நானும் துவக்கைத் தூக்கிப்போய் அனோஜாவின் வானில் ஏற்றினோம். இடுப்பு வலித்தது. மனம் காற்றில் பறந்தது.

அன்று பின்னேரம் கனகாலத்துக்குப் பிறகு என் கதிரையில் கால் நீட்டி இருந்தேன். தேத்தண்ணீர் சிந்தவில்லை. செலீன் குசினியில் பாட்டு முணுமுணுத்தாள். இவ்வளவு கெதியாகக் கவலை போய்விட்டதா என்று கொஞ்சம் குழம்பினேன்.

மியூசியம் திறந்த அன்று நான் கோட் போட்டுக்கொண்டு போனேன். செலீன் வேறு வேலை இருக்கென்று வெள்ளனவே போய்விட்டாள். அனோஜா ஓடிவந்து கைகொடுத்தாள். நான் பெரிய மனது பண்ணி, அன்றைக்கு அன்ரி அப்படிக் கதைத்ததை மனதில் வைக்கவேண்டாம் என்றேன். அவள் சிரித்தாள்.

"அங்கிள், அன்ரிதானே எங்களைக் கூப்பிட்டவா. 'நான் நோ எண்டு சொல்லுவன், நீங்கள் பேசாமல் இருங்கோ, அங்கிள் யெஸ் சொல்லுவார்' எண்டும் சொன்னவா."

நான் அவளைத் தாண்டிப் பார்த்தேன். அனோஜாவுக்குப் பின்னால் செலீன் நின்றாள். சீலைக்கு மேல் நீலச் சட்டை, கழுத்தில் தொண்டர் அட்டை. அவளைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களை அடுத்த படத்துக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. நேரே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டேன். நேரே சொல்லியிருந்தால் நான் இரண்டாவது ஒன்றும் வாங்கியிருப்பேன் என்றாள். அது உண்மைதான். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கை துவக்கைக் கண்டு நாங்கள் வீட்டை விட்டு வந்தனாங்கள். இஞ்சை துவக்கு வீட்டை விட்டுப் போகட்டும். நீங்கள் கதிரையில குனிஞ்சு குனிஞ்சு இருந்ததை நான் காணேல்லை எண்டு நினைச்சியளோ?"

நான் துவக்கின் பக்கம் திரும்பினேன். கண்ணாடிப் பெட்டி இல்லாமல், சுற்றிவரக் கயிறு கட்டிய ஒரு மேசையில், நல்ல வெளிச்சத்தில் என் துவக்கு இருந்தது. முதல்முதலாக அதை நிமிர்ந்து நின்று வடிவாகப் பார்த்தேன். அந்த மரப்பிடியை ஒருக்கால் தொடவேண்டும் போல இருந்தது. கயிற்றைத் தாண்டிப் போய்க் கையை நீட்டினேன்.

"எக்ஸ்கியூஸ் மீ சேர், ப்ளீஸ் டோன்ற் ரச்," என்றாள் செலீன், பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்க.

கலியாணம் முடித்த இவ்வளவு காலத்தில் அவள் என்னைச் சேர் என்று கூப்பிட்டது அதுதான் முதல்தரம். நான் கயிற்றுக்கு இங்கால் வந்து நின்றேன்.