ஷவர் கிழக்கே, பேச்சிலரெட் மேற்கே

பெரும் மதிப்பிற்குரிய லவோன் அக்காவுக்கு, தம்பி ஆர்வித் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சம்சாரம் மார்லிசும் மகள் பிரிட்டாவும் கடவுள் கிருபையால் நன்றாக இருக்கிறோம். வண்டிதான் பனியில் புதைந்து கிடக்கிறது, நேற்றுத்தான் அதன் கூரை தெரிந்தது. அங்கே அரிசோனா வெயிலில் அத்தானும் உங்கள் முழங்காலும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிவிக்கவும்.

சனிக்கிழமை நடந்த பிரிட்டாவின் கல்யாண ஷவர் விருந்து பற்றி நம் சம்பந்தியம்மாள் டார்லீன் உங்களுக்குப் போன் போட்டு அழுததாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னதில் பாதியை நம்ப வேண்டாம், மீதியை நான் விளக்கிவிடுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கல்யாணம் நிச்சயமாக நடக்கிறது, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, மதியம், நம் தேவாலயத்தில். நீங்கள் தைரியமாக விமான டிக்கெட் எடுக்கலாம். எனக்கு இந்தக் கல்யாணத்தில் ஒரே ஒரு ஆசைதான் என்று உங்களுக்குத் தெரியும். வாசலிலிருந்து பீடம் வரை என் மகளைக் கைகோத்து அழைத்துப் போக வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் கராஜில் புது ஷூவைப் போட்டுக்கொண்டு, பிரிட்டாவுக்குப் பதிலாகத் துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பழகுகிறேன். மார்லிஸ் பார்த்துவிட்டு, "துடைப்பம் உங்களைவிட நிமிர்ந்து நடக்குது" என்று சொன்னாள். சொல்லட்டும். அந்த நடை எனக்கு வேண்டும் அக்கா, அதற்காக எதையும் பொறுத்துக்கொள்வேன், சனிக்கிழமை பொறுத்தும் கொண்டேன்.

நீங்கள் போனில் எச்சரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "டேய் ஆர்வித், ஷவர் வேற, பேச்சிலரெட் வேற. ஷவர்ல பெரியவங்க உக்காந்து பொண்ணுக்குச் சாமான் குடுப்பாங்க. அந்த இன்னொண்ணுல சிநேகிதிங்க சேர்ந்து பொண்ணோட மானத்தை வாங்குவாங்க. ரெண்டையும் ஒரே கூரைக்குக் கீழ விட்டுராத" என்றீர்கள். நானா விட்டேன்? தேவாலயத்தின் கீழ்த்தள ஹாலில் டார்லீன் ஷவருக்கு எல்லாம் செய்து வைத்திருந்தார். குட்டி ரொட்டிக்குள் பன்றி இறைச்சி, துருவிய கேரட் மிதக்கும் ஜெல்லி, சர்பத், புதினா மிட்டாய், மேசை நிறைய ரிப்பன் கட்டிய பொட்டலங்கள். நான் ஆண்பிள்ளை, ஷவரில் எனக்கு வேலையே இல்லை. அந்தப் பெரிய காபி அண்டாவின் குழாய் ஒழுகாமல் திறக்கத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன் என்பதால் சமையலறைப் பக்கம் நிற்கவைத்தார்கள். மின்னியாபொலிசிலிருந்து பிரிட்டாவின் சிநேகிதிகள் ஒரு வேன் நிறைய வந்து வெளியே காத்திருந்தார்கள். ஷவர் முடிந்ததும் அவளை அள்ளிப் போட்டுக்கொண்டு, ஆட்டம்பாட்டத்துக்குப் பேர்போன நாஷ்வில்லுக்குப் பறந்து, அங்கே பேச்சிலரெட் கொண்டாடுவதாக ஏற்பாடு. பொட்டலம் பிரிக்க ஆரம்பிப்பதற்குள் பனிப்புயல் வந்தது, சாலையை மூடினார்கள், விமான நிலையத்தையும் மூடினார்கள். மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. இளஞ்சிவப்புக் கௌபாய் தொப்பியும் கழுத்தில் இறகு மாலையுமாக ஒரு பட்டாளம் இறங்கி வந்தது. முன்னால் வந்தவள் கென்ஸி, தோழிப்பெண். அவள் கையில் ஒலிபெருக்கி.

"அங்கிள், நாங்க நாஷ்வில்லுக்குப் போக முடியல. அதனால நாஷ்வில்லை இங்க இறக்கிட்டோம்!"

டார்லீன் கத்தியை ஜெல்லியில் குத்தி நிறுத்திவிட்டு எழுந்தார். "கர்த்தரோட வீட்டுக்குக் கீழயா? சம்பந்தி, நீங்களே கேளுங்க!"

"அவர் மேல்மாடிதானே ஆன்ட்டி, சத்தம் போகாது" என்றாள் கென்ஸி.

பிரிட்டா நடுவில் நின்று இருவரையும் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் சிரிப்பாள்.  இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டால் கல்யாணம் என்ன ஆகும், என் நடை என்ன ஆகும்? கனடா எல்லையில் சுங்க அதிகாரியாக ஆயுள் முழுக்க உத்தியோகம் பார்த்தவன் நான், அக்கா. இரண்டு தேசம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் சண்டை வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? சமையலறை அலமாரியில் பெயின்டர்கள் ஒட்டும் நீல நாடா இருந்தது. ஹாலின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை தரையில் நேராக ஒட்டினேன். கிழக்கே ஷவர், மேற்கே பேச்சிலரெட். நடுவில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன். கிழக்கில் பரிசு உண்டு, மேற்கில் பரிசு கிடையாது. மேற்கில் ஆட்டம் உண்டு, கிழக்கில் ஆட்டம் கிடையாது. கிழக்கில் மாமியார் உண்டு, மேற்கில் மாமியார் என்ற சொல்லே கூடாது. தொப்பி, இறகு எதுவும் கிழக்கே வரக்கூடாது. முக்கியமாக, தின்பண்டம் எதுவும் எந்தப் பக்கமும் கோட்டைத் தாண்டக்கூடாது. இறைச்சி, பழம், பால் பொருள்களை எல்லையில் விடுவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் மிக அருமையாக நடந்தது. தாண்டுகிறவர்கள் எல்லோரையும் நிறுத்தி, "எந்தப் பக்கத்து ஆள், என்ன கொண்டு போறீங்க, எவ்வளவு நேரம் தங்குவீங்க?" என்று கேட்டேன். முதலில் வந்தவளே என் சம்சாரம். கிழக்கிலிருந்து மேற்கே.

"என்ன கொண்டு போற மார்லிஸ்?"

"உங்ககூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின களைப்பு. வழி விடுங்க."

போனவள் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்புத் தொப்பியோடு ஆடிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு கிழக்கிலிருந்து பெரியம்மாக்கள் ஒவ்வொருவராக, குளிருகிறது, அந்தப் பக்கம்தான் ஹீட்டர் இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு குடிபெயர ஆரம்பித்தார்கள். அங்கிருந்து உறிஞ்சுகுழல் ஒன்று கடத்தப்பட்டு டார்லீன் கையில் வந்து சேர்ந்தது. அந்தக் குழலின் வடிவத்தை நான் எழுத மாட்டேன், அம்மா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். டார்லீன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சர்பத்தில் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார். "என்னத்தைப் பண்ணி வெச்சிருக்காங்களோ தெரியல சம்பந்தி, ஆனா நல்லா உறிஞ்ச வருது" என்றார். நான் பறிமுதல் செய்யப் போனேன். கொடுக்கவில்லை.

பிரிட்டாதான் பாவம், இரண்டு பக்கத்துக்கும் அவள் ஒருத்திதான் மணப்பெண். கிழக்கே போனால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ரொட்டி சுடும் பெட்டியைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட வேண்டும். ரிப்பனை அறுத்தால் அறுத்ததுக்கு ஒரு பிள்ளை என்று பெரியம்மாக்கள் எண்ணுவார்கள் என்பதால், முடிச்சை நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்க்க வேண்டும். அது முடிவதற்குள் மேற்கேயிருந்து ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அங்கே போனதும் தொப்பி, இறகு, மேசை மேல் ஏறி ஆட்டம். மறுபடி டார்லீன் கூப்பிடுவார். கோட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவளை முறைப்படி நிறுத்தி, தொப்பியைக் கழற்றச் சொல்லி, கையில் இருந்த ரொட்டியையோ சிப்ஸையோ வாங்கிக் குப்பையில் போட்டு அனுப்பினேன். மகள் என்று சலுகை காட்டவில்லை.

விபரீதம் கழிப்பறைக் காகிதத்தில் வந்தது. ஷவரில் மணப்பெண்ணுக்குக் கழிப்பறைக் காகிதத்தைச் சுற்றிக் கல்யாண கவுன் செய்கிற விளையாட்டு உண்டல்லவா? பேச்சிலரெட்டிலும் அதே விளையாட்டு உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? கிழக்கே டார்லீன் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றி முடித்தபோது மேற்கே முறை வந்துவிட்டது. பிரிட்டா பாதி கவுனோடு கோட்டுக்கு வந்தாள். பின்னால் வாலைப் பிடித்தபடி டார்லீன். முன்னால் கென்ஸி புதுச் சுருளைப் பிரித்துத் தோளிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.

"எங்க கவுனு! கீழ்ப்பாகம் எங்களோடது!"

"மேல்பாகம் எங்க நாட்டுக்கு வந்துடுச்சு ஆன்ட்டி, நாங்கதான் முடிப்போம்!"

நான் எழுந்து நின்று, இடுப்புக்குக் கீழே கிழக்கு, இடுப்புக்கு மேலே மேற்கு என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பக்கமும் இழுத்தார்கள். பிரிட்டா பம்பரம் மாதிரி இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றி, நாடாவின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"நான் கல்யாணமே பண்ணிக்கல" என்றாள்.

பாட்டு நின்றது. காபி அண்டா மட்டும் தளதளவென்று கொதித்தது. டார்லீன் நாற்காலியில் சரிந்தார், கென்ஸி ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள்.  துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே மீதி ஆயுளையும் கழிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அழுகை வந்தது, காபி ஆவி என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை டெரிக் படியிறங்கி வந்தான். பனி தள்ளும் லாரி அவனிடம் இருக்கிறது, சாலை மூடினாலும் அவன் வருவான். ஷவர் முடிந்ததும் மாப்பிள்ளை வந்து பொட்டலங்களை வண்டியில் ஏற்றுவது வழக்கம். ஆனால் பேச்சிலரெட்டில் மாப்பிள்ளை தலையைக் காட்டவே கூடாது. இரண்டு சட்டமும் எனக்குத் தெரியும், எது மேல் என்றுதான் தெரியவில்லை. நான் கையை நீட்டி அவனை நிறுத்தினேன். நல்ல பையன், உடனே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

"எந்தப் பக்கம் போறீங்க மாப்பிள்ளை?"

"பிரிட்டா எங்க இருக்காளோ அந்தப் பக்கம் மாமா."

"அவ கோட்டு மேல இருக்கா. கையில என்ன?"

"ஹாட்டிஷ். பாதி நான் சாப்பிட்டுட்டேன், மீதி அவளுக்கு." டப்பாவைத் திறந்து காட்டினான். அடியில் இறைச்சி, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் மொறுமொறுவென்று கிடந்தன.

"தின்பண்டம் கோட்டைத் தாண்டக் கூடாது" என்றேன்.

காகிதக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் வந்தது, அக்கா. இவ்வளவு வருஷத்தில் என் மகள் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. "அப்பா! காலையிலேர்ந்து நான் ஒரு வாய் சாப்பிடல! ரெண்டு பக்கமும் சோறு இருக்கு, எதையும் வாயில வெக்க விடாம பிடுங்கிப் பிடுங்கிக் குப்பையில போட்டீங்க! அந்த டப்பாவை விடுங்கப்பா! அவரையும் விடுங்க!"

விட்டேன். டெரிக் அவள் பக்கத்தில், நாடாவின் மேலேயே உட்கார்ந்து, வாய்ப் பக்கம் காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கரண்டியைக் கொடுத்தான். அவள் டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள்.  கடைசி உருண்டையை அவனுக்கு வைத்துவிட்டு, "சரி, பண்ணிக்கறேன்" என்றாள். இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். டார்லீனும் கென்ஸியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்றைக்கே இருவரும் கூட்டாகக் கல்யாணத்தை நடத்துவதாகக் கமிட்டி போட்டுவிட்டார்கள்.

ஆகவே கல்யாணத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஷவரும் பேச்சிலரெட்டும் வேறு வேறு என்பதை நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினேன் என்பதையும் நம் சொந்தக்காரர்களிடம் சொல்லவும். அத்தானுக்கு என் வணக்கம், உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை. நீங்கள் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளை ஆசீர்வதிக்கக் காத்திருக்கும்

உங்கள் தம்பி,
ஆர்வித்

பின்குறிப்பு: டிக்கெட் எடுக்காதீர்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட இன்று நடந்து போகும்போது டெரிக்கின் லாரி பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே பிரிட்டா, மார்லிஸ். கல்யாணத்தன்று எல்லோருக்கும் இளஞ்சிவப்புத் தொப்பி என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதாம். "ஏறுங்கப்பா" என்றாள் பிரிட்டா. நேராக மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனோம். தபால் பெட்டி வரைதானே என்று நான் வீட்டுச் செருப்பில்தான் இருந்தேன். நீதிபதியின் அறை நீளமான நடைபாதையின் கடைசியில், ஓட்டுநர் உரிமத்துக்கு வரிசையில் நிற்பவர்களைத் தாண்டிப் போக வேண்டும். வாசலிலேயே பிரிட்டா என் கையைக் கோத்துக்கொண்டு, "மெதுவா நடங்கப்பா, அவசரம் இல்ல" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் நன்றாகத்தான் நடந்தேன். கதவு வந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை, நான்தான் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்துவிட்டது அக்கா. டார்லீனுக்கு இன்னும் தெரியாது, முதல் சனிக்கிழமை விருந்துக்காகத் துணி நாப்கின்களை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். டெரிக்குக்குச் சொல்லத் தைரியம் இல்லை. குடும்பத்தில் நீங்கள்தான் பெரியவர், போன் போட்டு இதமாகச் சொல்லிவிடுங்கள். நான் உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன்பிடிக்கப் போகிறேன், பனி உருகும்வரை வர மாட்டேன்.