பார்க்கலாம் என்றொரு குதிரை

ஒரு காட்டில் ரேஸ் மைதானம் ஒன்று இருந்தது. காட்டுக்குள் ரேஸ் மைதானமா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். நரி பேசினால் நம்புவீர்கள், காக்கா கணக்குப் போட்டால் நம்புவீர்கள், மைதானம் என்றவுடன் மட்டும் அத்தாட்சி கேட்பீர்களோ? இருந்தது. விடுங்கள்.

அந்த மைதானத்தின் குதிரை லாயத்தில், டியூப் லைட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு விரிசல். அதில் குடியிருந்தான் செங்கல்வராயன் என்கிற பல்லி. வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சிகள்தான் சாப்பாடு. வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்தால் போதும். விரிசலுக்குள் அவன் மனைவி பட்டம்மா இரண்டு முட்டை இட்டிருந்தாள். பல்லி முட்டை சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். பெயர்த்தால் உடைந்துவிடும். அதனால் குஞ்சு பொரிக்கும்வரை வீடு மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த வருஷம் கோடை பொல்லாத கோடை. குளம் வற்றிப் போய், மொத்தக் காட்டுக்கும் மிஞ்சியது ஒரே ஒரு குழாய். அதிலும் தண்ணீர் சளி பிடித்த மூக்கு மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. எனவே வரிசை வந்தது. வரிசை வந்ததும் கல்லும் வந்தது. அதாவது, நாள் முழுக்க நிற்க முடியாதவர்கள் தங்கள் இடத்தில் ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். கல் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. நம் ஊரிலும் இதுதானே வழக்கம்?

கல்லை வைத்துவிட்டு வந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. எதிரே ரேஸ் மைதானம். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கல்லையே குதிரை மேல் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டிய குதிரை ஜெயித்தால் உங்கள் கல் வரிசையில் முன்னால் போகும். தோற்றால் கடைசிக்கு வரும். கடைசியில் முதலை நின்றுகொண்டிருந்தது. முதலைக்குப் பக்கத்தில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

செங்கல்வராயனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? அவனுக்குத் தண்ணீரும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். ஆனால் குதிரை என்றால் உயிர். விட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாள் பூராவும் குதிரைகளைத்தான் பார்ப்பான். எது கொள்ளுத் தீனியை மிச்சம் வைக்கிறது, எது இடது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது, எந்தக் குதிரையின் சாணம் இளகி இருக்கிறது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. உருப்படியான டிப்ஸ் குதிரைக்கொம்பாக இருந்த அந்தக் காட்டில், குதிரைக்கு நேர் மேலே வாசம் செய்கிறவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் யாருக்கு வேண்டும் அவன் ஆராய்ச்சி? லாயத்துக்குக் கீழே வந்து நிற்பார்கள். "புயல் குமாரன் ஜெயிக்கும்" என்று சொல்லிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். செங்கல்வராயன் "ச்சு ச்சு" என்றால் போதும், "பல்லி சொல்லிடுச்சு!" என்று குதித்துக்கொண்டு ஓடுவார்கள்.

"ஐயா, நான் சகுனம் சொல்றவன் இல்ல, குதிரையைப் படிச்சவன். கணுக்கால் வீக்கத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்றேன், கேட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சுவான். கணுக்கால் என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டத்துக்குக் கொட்டாவி வந்துவிடும்.

வினை அப்படித்தான் வந்தது. ஒருநாள் கரடி வேதகிரி வந்தான். குழாய்க்கு இரண்டாவது கல் அவனுடையது. காட்டில் செல்வாக்கான புள்ளி. செங்கல்வராயன் ஆசையாகப் பாடத்தைத் தொடங்கினான். "புயல் குமாரனுக்கு மூச்சு இரைக்குதுங்க, அதை மட்டும் தொடவே தொடாதீங்க, ஏன்னா..." என்னும்போது ஒரு கொசு தொண்டையில் சிக்கிக்கொண்டது. "ச்சு ச்சு ச்சு" என்று இருமினான். "புயல் குமாரனா! போதும்யா!" என்று கரடி ஓடியே போய்விட்டான்.

புயல் குமாரன் பாதி மைதானத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துகொண்டது. வேதகிரியின் கல் முதலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

கரடிக்கு வந்ததே கோபம்! நேராக மைதான அதிகாரி கஜபதியிடம் போனான். கஜபதி யானை. எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டார், ஆனால் செய்தால் காலை வைத்துத்தான் செய்வார்.

"இவன் பொய்ச் சகுனம் சொல்றான் ஐயா. அந்த விரிசல்ல சிமெண்டைப் போட்டு அடைங்க!"

"சகுனமே சொல்லலையே, இருமினேன்!" என்று செங்கல்வராயன் சுவரிலிருந்து கத்தினான்.

"கரடி விடாதே" என்றான் கரடி.

கஜபதி தும்பிக்கையை ஆட்டி யோசித்தார். "இந்தாப்பா செங்கல்வராயா, நான் நியாயமானவன். ஞாயித்துக்கிழமை கோப்பைப் பந்தயம் இருக்கு. சபையில வெச்சு கேப்பேன், யார் ஜெயிப்பான்னு. நீ சொல்றது பலிச்சா விரிசல் உனக்கு. முடிவு வந்து, தப்புன்னு தெரிஞ்சா, அந்த நிமிஷமே சிமெண்ட்." சொன்னதோடு நிற்காமல் லாயத்துக்கு வெளியே ஒரு சிமெண்ட் மூட்டையையும் கொண்டுவந்து இறக்கி வைத்தார்.

செங்கல்வராயனால் முட்டையை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. முட்டையை விட்டுவிட்டு ஓட மனசு வராது. ராத்திரி பகல் பார்க்காமல் குதிரைகளைப் படித்தான்.

கோப்பைக்கு ஓடப்போவது மூன்று குதிரைகள். மின்னல் ராணி, புயல் குமாரன், பார்க்கலாம். மூன்றாவது குதிரைக்கு அப்படி ஒரு பெயர் எப்படி வந்தது என்றால், அது பிறந்தபோது பதிவு செய்ய வந்த குமாஸ்தாக் கொக்கு "என்ன பேர் வைக்கப் போறீங்க?" என்று கேட்டது. "பார்க்கலாம்" என்றது தாய்க் குதிரை. கொக்கு அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டது. பெயருக்கு ஏற்ற குதிரையாகவே அதுவும் வளர்ந்தது. கதவைத் திறந்துவிட்டால் ஓடாது. நின்று யோசிக்கும்.

"சந்தேகமே இல்ல பட்டம்மா. மின்னல் ராணிதான். காது நிமிர்ந்து நிக்குது, கொள்ளு ஒரு மணி மிச்சமில்ல, காலு நாலும் கம்பி மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்ங்க. ஆனா பேரைச் சொல்லிடாதீங்க" என்றாள் பட்டம்மா. "பேரைச் சொன்னாத்தானே மாட்டிக்குவீங்க? மேடை போட்டு எத்தனை பெரிய மனுஷங்க பேசறாங்க, ஒருத்தராவது பேரைச் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? பூசி மெழுகுங்க."

"நான் ஆராய்ச்சியாளன்டி!"

"நான் முட்டை இட்டவ" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானம் முழுக்கக் கூட்டம். கஜபதி கேட்டார்: "சொல்லுப்பா, யார் ஜெயிப்பா?"

மின்னல் ராணி என்று சொல்லத்தான் செங்கல்வராயன் வாயைத் திறந்தான். அப்போது சிமெண்ட் மூட்டை கண்ணில் பட்டது.

"அது வந்துங்க... பார்க்கலாம்" என்றான்.

"பார்க்கலாமா?" என்றான் வேதகிரி, கண்ணை அகல விரித்து.

"ஆமாங்க, பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவசரமாகத் தலையாட்டியவன், பயத்தில் "ச்சு ச்சு" என்றும் சொல்லித் தொலைத்துவிட்டான்.

அவ்வளவுதான்! "பல்லியே சொல்லிடுச்சு! பார்க்கலாம்!" என்று காடே எழுந்தது. "ஐயையோ, நான் அந்தப் பார்க்கலாமைச் சொல்லல! சும்மா பார்க்கலாம்னு சொன்னேன்!" என்று கத்தினான். "சும்மாவே ஜெயிச்சிடுமாம்!" என்று ஒரு மான் பக்கத்து மானுக்கு விளக்கிச் சொன்னது. வாயைத் திறக்கத் திறக்க நிலைமை மோசமானது. மானும் பன்றியும் முயலும் கல்லைத் தூக்கிக்கொண்டு பந்தயக் கவுண்டருக்கு ஓடின.

செங்கல்வராயன் சுவரோடு ஒடுங்கிக்கொண்டான். ஓடுவதற்குப் பதில் யோசிக்கிற குதிரை அது. ஜெயிக்க வழியே இல்லை. ஆசை ஆசையாக ஒட்டி வைத்த முட்டை இரண்டும் சிமெண்டுக்குள் போகப்போகிறது என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கவனித்தான். கவுண்டர் வரிசையில், வாயில் கல்லைக் கவ்விக்கொண்டு, மின்னல் ராணி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் புயல் குமாரன்.

"ஐயா, ஓடுற குதிரையே பந்தயம் கட்டலாமா?" என்று கஜபதியிடம் கேட்டான்.

"கூடாதுன்னு எங்கயும் எழுதலையேப்பா" என்றார் அவர். "விதி போட்டப்ப குதிரைக்கும் தாகம் எடுக்கும்னு யாருக்கும் தோணல."

மணி அடித்தது. கதவு திறந்தது. மின்னல் ராணி அம்பாகப் பாய்ந்தது, பழக்கதோஷம். லாயத்து வாசலுக்கு நேரே இருந்த எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால்தான் அதற்கு ஞாபகம் வந்தது. ஜெயித்தால் கோப்பை கிடைக்கும். ஆனால் கோப்பையில் தண்ணீர் இருக்காது. பார்க்கலாம் ஜெயித்தால்தானே தன் கல் குழாயடிக்குப் போகும்? நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த புயல் குமாரனும் பக்கத்தில் நின்றது. "நீங்க போங்க" என்றது ஒன்று. "பரவால்ல, நீங்க போங்க" என்றது மற்றொன்று. ரேஸ் மைதானத்தில் அப்படி ஒரு மரியாதையை யாரும் பார்த்ததில்லை.

இரண்டும் பார்க்கலாமுக்காகக் காத்திருந்தன. சாயந்திரம் அது ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. கூட்டம் அடித்த விசிலில் மைதானமே அதிர்ந்தது. எல்லைக்கோட்டுக்கு முன்னால் வந்து பார்க்கலாமும் நின்றது.

"போடா ராசா! ஒரு எட்டுதான்!" என்று வேதகிரி அலறினான்.

"மாட்டேன்" என்றது பார்க்கலாம். "என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் மின்னல் ராணி மேல கட்டியிருக்கேன்."

மூன்று குதிரைகளும் கோட்டைப் பார்த்தபடி நின்றன. பொழுது சாய்ந்தது, விடிந்தது, மறுபடியும் சாய்ந்தது. முடிவு வரும்வரை கல் எதுவும் நகரக்கூடாது என்று கஜபதி சொல்லிவிட்டார். பிறகு ஒருநாள் வானம் இருண்டு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குளம் நிரம்பி வழிந்தது. ஒருவரும் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. போன நேரத்தில் முடிவு வந்துவிட்டால்? வாயை அண்ணாந்து மழையையே குடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் கோட்டை விட்டு எடுக்காமல் நின்றார்கள். முதலை குளத்துக்குள் போய் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

வேதகிரி பொறுமை இழந்தான். "ஐயா, இவன் சொன்னது பலிக்கல. அடைங்க விரிசலை!"

கஜபதி நிதானமாகச் சொன்னார்: "யார் ஜெயிப்பான்னு கேட்டேன். பார்க்கலாம்னு சொன்னான். இன்னும் பார்த்துக்கிட்டுதானே இருக்கோம்? இதுவரைக்கும் தப்பில்ல."

சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சிமெண்ட் மூட்டையைத் தும்பிக்கையால் தட்டிப் பார்த்தார். டங்கென்று சத்தம் வந்தது. மழையில் நனைந்து மூட்டையே பாறையாகியிருந்தது. கரடி அதையும் ஒரு கல்லாக வரிசையில் கொண்டுபோய்த் தன் இடத்தில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்கே விரிசலுக்குள் முட்டை இரண்டும் பொரிந்தன. பட்டம்மா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். செங்கல்வராயன் மட்டும் விட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மின்னல் ராணியைப் பார்த்தபடி இருந்தான். காது நிமிர்ந்துதான் நின்றது. காலும் கம்பியாகத்தான் இருந்தது.

"என் கணிப்பு தப்பே இல்ல பட்டம்மா" என்றான் ஆற்றாமையோடு. "தாகத்தை மட்டும் கணக்குல சேர்க்கல."

குஞ்சு ஒன்று வெளியே தலையை நீட்டி, தன் வாழ்க்கையின் முதல் "ச்சு ச்சு"வைச் சொன்னது. கீழே நின்ற மொத்தக் காடும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து, "எந்தக் குதிரையாம்?" என்று கேட்டது.

நீதி: எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், குதிரையின் காதில் மட்டும் விழக் கூடாது.